கதவு திறந்தே இருக்கட்டும்

பெப்பர்மின்ட்டைக் கடித்தது நான்தான். எங்கள் சபையில் பிரசங்கம் தொடங்கும் முன் ஆளுக்கொரு மிட்டாய் கைமாறும். அதை நாக்கில் வைத்துக் கரைய விட வேண்டும், கடிக்கக் கூடாது. மூன்று வயதுக் குழந்தைக்குக்கூட இது தெரியும். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை போதகர் அறிவிப்புத் தாளைப் பிரித்து, "மூப்பர் பொறுப்புக்குச் சகோதரர் மரினஸ் டிங்கமன் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறார்" என்று வாசித்ததும் என் பல் தானாக இறங்கிவிட்டது. முன் வரிசையில் இரண்டு தொப்பிகள் திரும்பிப் பார்த்தன.

போதகர் தொடர்ந்து வாசித்தார். பெயர் அடுத்த ஞாயிறும் வாசிக்கப்படும். நியாயமான ஆட்சேபம் உள்ளவர்கள் அதற்குள், சபையை நடத்தும் மூப்பர் குழு சனிக்கிழமை கூடும்போது, நேரில் வந்து சொல்லலாம். யாரும் வராவிட்டால் சபை சம்மதித்ததாகக் கொள்ளப்படும். எங்கள் ஊரான வெஸ்ட்நோலில் எனக்குத் தெரிந்து நாற்பது வருடமாக யாரும் போய் ஆட்சேபம் சொன்னதில்லை. அது சும்மா வாசிக்கிற வாசகம், காதில் விழுந்து வெளியே போய்விடும். எனக்கு மட்டும் அது விருந்துக்கு அழைத்த மாதிரி இருந்தது.

என் பெயர் பீட்டர்நெல்லா கொட்ட. ஊருக்கு நெல்லா டீச்சர், அதாவது பதினோரு வருடத்துக்கு முன்புவரை. இப்போது யோப் போப்பவின் வெங்காயக் கொட்டகையில் தரம் பிரிக்கிறேன். நல்லது, சொத்தை, முளைத்தது. சோப்பு எவ்வளவு போட்டாலும் கையில் வாடை போவதில்லை. நான் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்த பையன்கள் டிராக்டரில் வந்து மூட்டையை இறக்கும்போது என் முகத்தைப் பார்க்காமல் இறக்குவார்கள்.

என்னை அங்கே கொண்டுபோய் நிறுத்தியவர் மரினஸ். எங்கள் கிறிஸ்தவப் பள்ளியின் தலைமை ஆசிரியர், அன்றும் இன்றும். அன்று எங்கள் பள்ளியை அரசாங்கம் பலவீனமான பள்ளி என்று குறித்து வைத்திருந்தது. கடைசி வகுப்புப் பிள்ளைகளின் இறுதித் தேர்வு இன்னொரு வருடம் சரிந்தால் மூடிவிடுவார்கள். கடைசி வகுப்பு என்னுடையது. என் வகுப்பில் ஒரு பழக்கம் உண்டு. தேர்வு தொடங்கும் முன் ரப்பர்களை எல்லாம் ஒரு தகர டப்பாவில் வாங்கி வைத்துவிடுவேன். தப்பு எழுதினால் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுத வேண்டும், அவ்வளவுதான். தப்பை மறைக்காதே, கோடு போட்டுக் காட்டு என்று பத்தொன்பது வருடம் தொண்டை கட்டக் கத்தியிருக்கிறேன். தாள்கள் ஒரு இரவு மரினஸின் அறையில் இருந்தன. மறுநாள் காலை உறையில் போட அடுக்கும்போது பார்த்தேன். பதினான்கு தாள்களில் ரப்பரால் அழித்த தடம் இருந்தது.

நான் நேராக அரசு ஆய்வாளருக்கு எழுதினேன். அங்கேதான் மாட்டினேன். எங்கள் சபையில் ஒருவர் மேல் குறை இருந்தால் மூன்று படி ஏற வேண்டும். முதலில் அவரிடம் தனியாகப் போய்ச் சொல்ல வேண்டும். கேட்டால் அத்தோடு முடிந்தது, அவர் உன் சகோதரர், நீ வாயை மூடிக்கொள்ள வேண்டும். கேட்காவிட்டால் ஒன்றிரண்டு சாட்சிகளோடு போக வேண்டும். அதற்கும் கேட்காவிட்டால்தான் சபைக்குக் கொண்டுவரலாம். நான் எந்தப் படியிலும் கால் வைக்காமல் வெளியாளிடம் போனேன். ஆய்வாளர் வந்தபோது, தாள்கள் டீச்சர் கையில்தான் இருந்தன, அவருக்குக் கொஞ்சம் நரம்புத் தளர்ச்சி வேறு என்று மரினஸ் வருத்தமாகச் சொன்னார். பள்ளி நிர்வாகக் குழு என்னை வீட்டுக்கு அனுப்பியது. நிர்வாகக் குழுவின் தலைவர் கிரைன் லௌவர்ஸ, மூப்பர் குழுவின் தலைவரும் அவர்தான். ஒழுங்கை மீறியதற்கும் சகோதரன் மேல் பொய் சொன்னதற்கும் நான் மனம் வருந்தும்வரை திருவிருந்துக்கு வரக் கூடாது என்று மூப்பர் குழு முடிவு செய்தது.

வருடத்துக்கு நான்கு தடவை திருவிருந்து, ரொட்டியும் திராட்சை ரசமும். எங்கள் கோயிலில் வெள்ளைத் துணி விரித்த நீள மேசைக்கு வரிசை வரிசையாக எழுந்து போய் உட்கார வேண்டும். எல்லாரும் போவார்கள். ஒரு முழு பெஞ்சில் நான் ஒருத்தி தூண் பக்கம் உட்கார்ந்திருப்பேன். நாற்பத்து நான்கு தடவை உட்கார்ந்திருக்கிறேன். ஒரு தடவைகூட வராமல் இருந்ததில்லை. வராமல் இருந்தால் அவர்களுக்கு வசதியாகப் போயிருக்கும்.

உண்மை வெளிவர வேண்டும் என்று மட்டும் நான் ஆசைப்பட்டேன் என்று சொன்னால் அது பொய். நான் விழுந்த இடத்திலேயே, அதே ஆட்கள் முன்னால் அவர் விழ வேண்டும். நான் அதைக் கண்ணால் பார்க்க வேண்டும். பதினோரு வருடம் அதை நினைத்துத்தான் வெங்காயம் பிரித்தேன். இந்தத் தடவை ஒரு படியையும் விடப் போவதில்லை.

அன்று மதியமே யோப்பிடம் சொன்னேன். யோப் என் முதலாளி, பக்கத்து வீட்டுக்காரன், வாயில் எப்போதும் எதையாவது மென்றுகொண்டிருப்பவன். அந்தப் பதினான்கு தாளில் ஒன்று அவன் மகனுடையது.

"என் பையனுக்கு அந்த வருஷம் அவ்வளவு மார்க் வந்தப்பவே எனக்குச் சந்தேகம்தான்" என்றான். "அவன் எங்க குடும்பத்துப் பையன். எங்க குடும்பத்துல யாருக்கு அவ்வளவு மூளை?"

"ரெண்டாவது படிக்குச் சாட்சியா வருவியா?"

"வர்றேன். ஆனா முதல் படியிலேயே அந்த ஆள் ஒத்துக்கிட்டா என்ன பண்ணுவ? ஒத்துக்கிட்டா நீ வாயைத் திறக்கக் கூடாதே."

"மரினஸா? ஒத்துக்கிறதா? நீ வேற."

"இல்ல நெல்லா, சொல்லி வைக்கிறேன். அந்த ஆளுக்கு ஒழுங்கு உன்னைவிட நல்லாத் தெரியும்."

நான் சிரித்தேன். யோப் சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை மூன்று மணிக்கு மரினஸின் வீட்டு மணியை அடித்தேன். கதவைத் திறந்தது அவர் மனைவி மினா. கையில் சின்னக் கத்தி, ஏப்ரனில் பேரிக்காய்த் தோல். வெஸ்ட்நோலில் எனக்கு ஒரே ஒரு ஆறுதல் உண்டென்றால் அது மினாதான். ஒவ்வொரு அக்டோபரிலும் என் வாசற்படியில் ஒரு கூடைப் பேரிக்காய் இருக்கும். வேகவைக்கிற வகை, கல் மாதிரி இருக்கும், மூன்று மணி நேரம் அடுப்பில் கிடந்தால்தான் சிவந்து இளகும். சீட்டு எதுவும் இருக்காது. ஆனால் அந்த நீலக் கைப்பிடிக் கூடை யாருடையது என்று ஊருக்கே தெரியும். பதினோரு வருடமும் அந்தக் கூடையைப் பார்த்துக் கண் கலங்கியிருக்கிறேன். இந்த ஊரில் ஒருத்திக்காவது மனசு இருக்கிறதே என்று.

"உள்ள வாங்க நெல்லா" என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை.

முன்னறையில் மரினஸ் எழுந்து நின்றார். வெள்ளை முடி, மடிப்புக் கலையாத சட்டை, காதுவரை போகிற அந்தப் புன்னகை. அறைக்கும் சமையலறைக்கும் நடுவில் தள்ளுகதவு. அதை மூடப் போன மினாவை அவர் தடுத்தார்.

"கதவு திறந்தே இருக்கட்டும் மினா."

அவர் எந்தப் பெண்ணோடும் மூடிய அறையில் உட்கார மாட்டார். பள்ளியிலும் அப்படித்தான். ஆசிரியைகளிடம் பேசும்போதெல்லாம் கதவு அகலத் திறந்திருக்கும். நல்ல மனிதர் என்று ஊரில் அதைச் சொல்லியே பாராட்டுவார்கள். மினா போய்ச் சமையலறையில் உட்கார்ந்தாள். கத்தி தோலைச் சீவுகிற சத்தம் மட்டும் வந்தது.

"மரினஸ்" என்றேன். முன்பெல்லாம் சார் என்பேன். "பதினொரு வருஷத்துக்கு முன்னாடி என் பிள்ளைங்களோட விடைத்தாளை நீங்க திருத்துனீங்க. பழியை என் தலையில கட்டுனீங்க. இதைச் சொல்லத்தான் தனியா வந்தேன்."

அவர் கையைக் கோத்துக்கொண்டார். ஜன்னலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஆமா நெல்லா. நான்தான் திருத்தினேன். பதினாலு தாள்."

மறுப்பார் என்று நம்பித்தான் வந்திருந்தேன்.

"பள்ளிக்கூடத்தை மூடியிருப்பாங்க. நூத்தியிருபது பிள்ளைங்க. அந்த நேரத்துல எனக்கு வேற வழி தெரியல. உங்களுக்குப் பண்ணினது தப்பு. என்னை மன்னிச்சிடுங்க." ஏற்ற இறக்கமே இல்லாமல் சொன்னார். பள்ளிக் காலை ஜெபத்தை எத்தனையோ ஆயிரம் தடவை சொன்ன அதே குரல்.

"அப்போ சனிக்கிழமை மூப்பர் குழுவுல வந்து இதைச் சொல்லுங்க."

"எதுக்கு?" அந்தப் புன்னகை திரும்பி வந்தது. "நீங்க தனியா வந்தீங்க, சொன்னீங்க, நான் கேட்டுக்கிட்டேன். ஒழுங்குப்படி இதோட முடிஞ்சுது. இனிமே இதை வெளியில பேசினா தப்பு உங்க மேலதான். போன தடவை மாதிரி ஆயிடக் கூடாது பாருங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

எழுந்துகொண்டேன். சமையலறையில் கத்திச் சத்தம் இல்லை என்பது அந்த நேரத்தில் என் மண்டையில் ஏறவில்லை. அவ்வளவு எரிச்சல். முதல் தடவை ஒழுங்கை மீறினேன் என்று கழுத்தை அறுத்தார். இந்தத் தடவை ஒழுங்கைப் பிடித்துக்கொண்டு போனேன், அதே ஒழுங்கை வைத்து மறுபடியும் அறுத்துவிட்டார். சைக்கிளை மிதித்த வேகத்தில் அணை மேட்டுக் காற்றுகூட என்னைத் தள்ளவில்லை.

யோப்பிடம் சொன்னதும் அவன் மெல்லுவதை நிறுத்தினான்.

"சொன்னேனா இல்லையா?"

"ஒத்துக்கிட்டாப் போதுமா? தப்பைச் சரி பண்ண வேண்டாமா? என் பேரு அப்படியேதானே கிடக்குது?"

"அதையே ரெண்டாவது படியில கேப்போம். என் முன்னாடி ஒத்துக்கிட்டாருன்னா நான் சாட்சி. மறுத்தாருன்னா..."

"மறுத்தா?"

"மறுத்தா உன் வார்த்தை, அந்த ஆள் வார்த்தை. வெங்காயக்காரி ஒருத்தி, தலைமை ஆசிரியர் ஒருத்தர். யாரை நம்புவாங்கன்னு நான் சொல்லணுமா?"

வியாழக்கிழமை இருவரும் போனோம். மினா காபி கொண்டுவந்தாள். பிஸ்கட் டப்பாவைத் திறந்து, ஆளுக்கு ஒன்று எடுத்ததும் எங்கள் ஊர் வழக்கப்படி மூடிவிட்டாள். தள்ளுகதவு வழக்கம்போல் திறந்திருந்தது. திங்கட்கிழமை சொன்னதை யோப் முன்னால் சொல்லும்படி கேட்டேன். மரினஸ் யோப்பைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பாவம், என்கிற மாதிரி.

"யோப், இவங்க திங்கக்கிழமை வந்தாங்க, உண்மைதான். ரொம்பக் கலங்கிப்போயிருந்தாங்க. நான் ஆறுதலா நாலு வார்த்தை சொன்னேன். அவங்களுக்கு அது வேற மாதிரி கேட்டிருக்கு. என்ன பண்றது, அந்த நரம்புப் பிரச்சினை இன்னும் இருக்கு போல."

நான் கோப்பையை வைத்த வேகத்தில் காபி தட்டில் சிந்தியது. அதைப் பார்த்து அவர் யோப்பிடம் புருவத்தை உயர்த்தினார். பார்த்தாயா, என்று. மினா துணியோடு வந்து தட்டைத் துடைத்தாள். தட்டு காய்ந்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அப்போதுதான் எனக்கு அந்தக் கத்திச் சத்தம் நினைவுக்கு வந்தது. திங்கட்கிழமை, 'பதினாலு தாள்' என்று அவர் சொன்ன நொடியில் அது நின்றது. நான் கிளம்பும்வரை மறுபடி தொடங்கவே இல்லை.

அங்கேயே கேட்டிருக்கலாம். மினா, நீங்க கேட்டீங்கதானே என்று. நான் கேட்கவில்லை. அந்த அறையில் கேட்டால் அது அந்த அறையோடு போய்விடும். எனக்கு மூப்பர் குழு வேண்டும், கறுப்புக் கோட்டுகள் வேண்டும், நீள மேசை வேண்டும். காபியைக் குடித்து முடித்து, நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

வழியில் யோப்பிடம் விஷயத்தைச் சொன்னபோது அவன் சைக்கிளை நிறுத்திவிட்டான்.

"அந்தம்மாவை இழுக்காத நெல்லா. அந்த வீட்டுல அவங்க வாழணும்."

"நான் இந்த ஊர்ல வாழல?"

"உனக்குப் பேரிக்காய் கொண்டுவந்து வைக்கிறது அந்தம்மா மட்டும்தான்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சும்தான்."

சனிக்கிழமை இரண்டு மணிக்கு மூப்பர் குழு கோயிலின் பின்னறையில் கூடியது. அந்த அறைக்குள் பெண்கள் காபி கொண்டுபோகத்தான் போவார்கள். எட்டுப் பேர், நடுவில் போதகர், அவருக்கு வலது பக்கம் கிரைன் லௌவர்ஸ. எழுபது வயது, பெரிய கை, பேசுவதற்கு முன் கண்ணை மூடிக்கொள்கிற ஆள். மரினஸ் ஒரு ஓரத்தில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"தனியாப் போனீங்களா?" என்று லௌவர்ஸ கேட்டார்.

"திங்கக்கிழமை போனேன். ஒத்துக்கிட்டாரு. சரி பண்ண மாட்டேன்னாரு."

"சாட்சியோட போனீங்களா?"

"வியாழக்கிழமை. மறுத்துட்டாரு. யோப் இருந்தான்." யோப் தலையை ஆட்டினான்.

"அப்படின்னா சகோதரர் ஒத்துக்கிட்டதை உங்களைத் தவிர யாரும் கேக்கல." லௌவர்ஸ கண்ணை மூடித் திறந்தார். "சகோதரி, பதினொரு வருஷத்துக்கு முன்னாடியும் இதே கதைதான்."

"கேட்டவங்க இருக்காங்க. இவருக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு. பொம்பளைங்க வந்தா கதவைத் திறந்து வைப்பாரு. உங்க எல்லாருக்கும் தெரியும், நீங்களே பாராட்டியிருக்கீங்க. திங்கக்கிழமையும் கதவு திறந்துதான் இருந்துச்சு. அந்தப் பக்கம் மினா உக்காந்திருந்தாங்க. அவங்களைக் கூப்பிடுங்க."

மரினஸின் கால் கீழே இறங்கியது. முகத்தில் ஈயாடவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கால் இறங்கியதைப் பார்க்க நான் இன்னொரு பதினோரு வருடம் வெங்காயம் பிரிக்கத் தயார்.

"புருஷனுக்கு எதிரா மனைவியைக் கூப்பிடறதா?" என்றார். குரல் சற்று மேலே போயிருந்தது. "ஐயா, இது எந்த ஊர் நியாயம்?"

போதகர் தயங்கினார். ஆச்சரியமாக, லௌவர்ஸதான் பேசினார். "இது கோர்ட் இல்ல மரினஸ். சபை. ஒளிக்க ஒண்ணும் இல்லேன்னா அவங்க வரட்டும்." அந்த நிமிடம் கிழவர் மேல் எனக்கு மரியாதையே வந்துவிட்டது.

ஓர் ஆள் போய் மினாவை அழைத்து வந்தார். ஞாயிற்றுக்கிழமைக்காகக் காலணிகளுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே வந்திருந்தாள். விரல் நுனியெல்லாம் கறுப்பு. யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை. போதகர் மெதுவாகக் கேட்டார், திங்கட்கிழமை என்ன காதில் விழுந்தது என்று. மினா கணவனைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. சுவரில் தொங்கிய பழைய போதகர்களின் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பொய் சொல்லப் போகிறாள் என்றே நினைத்தேன்.

"பதினாலு தாள்னு சொன்னாரு" என்றாள்.

"மினா, வீட்டுக்குப் போ" என்றார் மரினஸ்.

"போறேன். கேட்டாங்க, சொன்னேன்."

அவ்வளவுதான். அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. மரினஸின் பெயர் மறுநாள் வாசிக்கப்படாது. என் மேல் இருந்த தடை நீங்கியது. பள்ளி விஷயத்தை நிர்வாகக் குழு தனியாகப் பார்த்துக்கொள்ளும் என்றார் லௌவர்ஸ. மரினஸ் கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போகும்போது வாசலில் தோள் இடித்துக்கொண்டார். யாரும் அவருக்குக் கை கொடுக்கவில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷம், வெட்கமில்லாமல் சொல்கிறேன், அவ்வளவு சந்தோஷம்.

வெளியே சைக்கிள் நிறுத்துமிடத்தில் மினா நின்றிருந்தாள். எனக்குக் கொஞ்சம் உறுத்தியது.

"உங்களை இழுத்திருக்கக் கூடாது மினா. எனக்கு வேற வழி தெரியல" என்றேன். சொன்ன பிறகுதான் அது மரினஸின் வாக்கியம் என்று உறைத்தது.

"பரவாயில்ல" என்றாள். பூட்டைத் திறந்தாள். பிறகு குனிந்தபடியே சொன்னாள், "அன்னைக்கும் கதவு திறந்துதான் இருந்துச்சு."

"என்னைக்கு?"

"பதினொரு வருஷத்துக்கு முன்னாடி. கிரைன் லௌவர்ஸ எங்க வீட்டுக்கு வந்தாரு. இவரு எல்லாத்தையும் அவருகிட்டச் சொன்னாரு. டீச்சர் மேல போட்டுடலாம், அவங்களுக்குக் கேக்க ஆள் இல்லன்னு கிரைன்தான் சொன்னாரு. நரம்புத் தளர்ச்சிங்கிற வார்த்தையும் அவரு சொன்னதுதான். நான் பேரிக்காய் உரிச்சுக்கிட்டு இருந்தேன்."

காற்று பலமாக அடித்தது. என் தொப்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டேன்.

"ஏன் சொல்லல?"

"யாரும் கேக்கலயே."

அவள் சைக்கிளில் ஏறிப் போய்விட்டாள். நான் நின்றேன். பதினோரு கூடை. ஒவ்வொரு பழத்தையும் நன்றியோடு தின்றிருக்கிறேன். ஒரு வருடம் பட்டையும் சர்க்கரையும் போட்டு வேகவைத்து, அழுதுகொண்டே தின்றேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் இன்னும் என் வகுப்பில் நின்றிருப்பேன். அதைச் சொல்வதற்குப் பதில் கூடை கூடையாகக் கொண்டுவந்து படியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். மரினஸ் மேல் எனக்கு அந்த மாதிரி வயிறு எரிந்ததில்லை. மரினஸை நான் ஒருநாளும் நல்லவர் என்று நினைக்கவில்லையே.

இன்னொன்றும் புரிந்தது. லௌவர்ஸ ஏன் அவ்வளவு நியாயமாகப் பேசினார் என்று. மரினஸை விட்டுக்கொடுத்தால் தன் பெயர் வெளியே வராது, வேலை இவர் கையில் இருப்பதால் மரினஸும் வாயைத் திறக்க மாட்டார். சபையைக் காட்டி அழகாகத் தப்பித்துக்கொண்டார் கிழவர். நானும் அதற்கு மரியாதை வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பெயர் வாசிக்கப்படவில்லை. ஆட்சேபம் நியாயமானதாகக் காணப்பட்டது என்று போதகர் ஒரே வரி சொன்னார். கோயில் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. வாயில் இருந்த மிட்டாயை மெதுவாகக் கரைய விட்டேன். சந்தோஷம் பாதிதான் இருந்தது.

அடுத்த வியாழன் மூன்று மணிக்கு வருவதாக லௌவர்ஸ சொல்லி அனுப்பினார். திருவிருந்துக்கு என்னை முறைப்படி அழைக்க வேண்டுமாம். எப்போதும் மூப்பர்கள் இரண்டு பேராகத்தான் வீட்டுக்கு வருவார்கள். இவர் தனியாக வருகிறார் என்றதும் எனக்குப் பிடிபட்டது. யார் முன்னாலும் பேச விரும்பாத ஆள் தனியாகத்தான் வருவான்.

அன்று இரண்டரை மணிக்கு மினா வந்தாள், நான் கேட்டுக்கொண்டதால். கையில் நீலக் கைப்பிடிக் கூடை. அவள் சைக்கிளை வெளியே தெரியாதபடி என் வீட்டுக் கொட்டகைக்குள் தள்ளி வைத்தேன்.

"கூடையை என்கிட்டக் குடுக்க வேண்டாம்" என்றேன். "இனிமே உங்க பேரிக்காயை நான் உரிக்க மாட்டேன். சமையலறையில உக்காந்து நீங்களே உரிங்க. கிரைன் வரப்போறாரு. முதல் படி. நான் தனியாத்தான் பேசுவேன்."

"நான் எப்போ சொல்லணும்?"

"அதை நான் சொல்ல மாட்டேன். உங்களை யாரும் கேக்க மாட்டாங்க. நானும் கேக்க மாட்டேன். நீங்க உக்காந்தே இருந்தாலும் சரி, உரிச்சு முடிச்சுட்டு வீட்டுக்குப் போகலாம். ஆனா இன்னொரு கூடை என் படியில வைக்காதீங்க."

அவள் என்னைப் பார்த்தாள். நான் இரக்கப்படுவேன் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும். நான் கத்தியை எடுத்து மேசை மேல் வைத்தேன்.

மூன்று மணிக்கு லௌவர்ஸ வந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். சமையலறைக் கதவு பாதி திறந்திருந்ததை அவர் கண்டுகொள்ளவில்லை. தனியாக இருக்கிற பெண்ணின் வீட்டில் அது அப்படித்தான் இருக்க வேண்டும். காபி ஊற்றினேன். டப்பாவிலிருந்து ஒரு பிஸ்கட் கொடுத்தேன்.

"உங்க இடம் மேசையில காத்திருக்கு சகோதரி" என்றார். "சபை உங்களுக்குத் தப்புப் பண்ணிடுச்சு. மரினஸ் எங்க எல்லாரையும் ஏமாத்திட்டாரு."

"எல்லாரையுமா?"

"எல்லாரையும்தான். நானும் அவரை நம்பினேன்."

"கிரைன், இதை ஒழுங்குப்படி தனியாக் கேக்கறேன். பதினொரு வருஷத்துக்கு முன்னாடி மரினஸ் வீட்டுல உக்காந்து, பழியை என் மேல போடச் சொன்னது நீங்கதானே?"

அவர் கண்ணை மூடினார். வழக்கத்தைவிட அதிக நேரம் மூடியிருந்தார். சமையலறையில் கத்தி ஒரே சீராகச் சீவிக்கொண்டிருந்தது. அது தெருவில் கேட்கிற ஏதோ சத்தம் என்று நினைத்திருப்பார்.

"யார் சொன்னாங்க உங்களுக்கு? மரினஸா? இப்போ அவன் என்ன வேணாலும் சொல்லுவான்." கண்ணைத் திறந்தார். "கர்த்தர் சாட்சியா சொல்றேன் நெல்லா, எனக்கு ஒண்ணும் தெரியாது."

கத்திச் சத்தம் நின்றது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. காத்திருந்தேன். இந்த ஒரு நிமிடத்தில் அவள் உட்கார்ந்தே இருந்துவிட்டால் எனக்கு இரண்டாவது படியும் இல்லை, மூன்றாவதும் இல்லை, அந்தத் திருவிருந்து மேசையின் தலைப்பக்கத்தில் இந்த ஆள் சாகும்வரை உட்கார்ந்து ரொட்டி பிட்டுக்கொண்டிருப்பான். அது எனக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் அவள் வருவாள். கூப்பிடாமல் வர வேண்டும்.

நாற்காலி தரையில் இழுபட்டது. லௌவர்ஸவின் கை காபிக் கோப்பையில் அப்படியே நின்றது. மினா கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றாள். ஒரு கையில் கத்தி, இன்னொரு கையில் பாதி உரித்த பேரிக்காய்.

"அன்னைக்கு நீங்க ஜன்னல் பக்கத்து நாற்காலியில உக்காந்திருந்தீங்க கிரைன்" என்றாள். யாரும் கேட்காமல் சொன்னாள். "ரெண்டு தடவை காபி கேட்டீங்க. நான்தான் ஊத்தினேன்."

லௌவர்ஸ என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு அந்தத் திறந்த கதவைப் பார்த்தார்.

"சனிக்கிழமை யோப்போட உங்க வீட்டுக்கு வர்றேன்" என்றேன். "அது ரெண்டாவது படி."

அவர் பிஸ்கட் தட்டில் அப்படியே இருந்தது. நான் டப்பாவை மூடினேன்.